மெக்சிகோ சோளக்கதிரும் பாட்டிமாரின் சுண்ணாம்புத் தண்ணீரும்



சிகாகோ பக்கம் குடியிருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி, அங்கே கோடைத் திருவிழாவில் வாங்கிச் சாப்பிட்ட சோளக்கதிரின் படத்தைப் போன வாரம் அனுப்பியிருந்தாள். சுட்ட கதிரில் குச்சி செருகி, மேலே வெள்ளையாகப் பூசி, சீஸ் தூவி, மிளகாய்ப்பொடி போட்டு, எலுமிச்சை பிழிந்த கதிர். "டீச்சர், இது நம்ம மெரினா பீச் சோளம் மாதிரியே இருக்கே! மெக்சிகோக்காரங்க இதை எலோத்தேன்னு சொல்றாங்க. இதுக்கு வரலாறு ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தாள்.

உண்டு. சுமார் 9000 ஆண்டு வரலாறு உண்டு. அவளுக்கு மட்டும் எழுதுவதைவிட உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டில் செய்யும் முறையையும் கடைசியில் கொடுத்திருக்கிறேன். அதற்காக நடுவில் உள்ளதைத் தாண்டி ஓடிவிடாதீர்கள்.

முதலில் பெயரைச் சரி செய்துகொள்வோம். நாம் பேச்சுவழக்கில் இரண்டு பயிர்களைச் 'சோளம்' என்கிறோம். நம் தாத்தா பாட்டி சோளச்சோறு பொங்கியது ஆப்பிரிக்காவில் பிறந்து, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுக்கு வந்த பயிர். கடற்கரையில் சுட்டுத் தருவது மக்காச்சோளம். அதன் தாய்வீடு மெக்சிகோ. கொலம்பஸ் கடல் கடந்து போகும்வரை ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ ஆப்பிரிக்காவிலோ ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

மக்காச்சோளம் காட்டில் தானாக முளைக்காது. முற்றிய கதிர் அப்படியே கீழே விழுந்தால், தோகைக்குள் நெருக்கமாக இருக்கும் மணிகளெல்லாம் ஒரே இடத்தில் முளைத்து, ஒன்றையொன்று நெருக்கி வீணாகும். மனிதர் கை உரித்து, உதிர்த்து, ஊன்றினால்தான் அதற்கு அடுத்த தலைமுறை. அப்படியானால் அதன் முன்னோர் யார்? மெக்சிகோவின் தென்மேற்கே பால்சாஸ் நதிப் பள்ளத்தாக்கில் வளரும் தியோசிண்டே என்ற புல்தான். அதன் கதிர் விரல் நீளம்கூட இருக்காது. பத்துப் பன்னிரண்டு மணிகள். ஒவ்வொன்றையும் கல் போன்ற ஓடு மூடியிருக்கும். 1939இல் ஜார்ஜ் பீடில் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இந்தப் புல்தான் மக்காச்சோளத்தின் மூதாதை என்று வாதிட்டார். பலர் நம்பவில்லை. பின்னால் வேறொரு ஆய்வுக்காக 1958இல் நோபல் பரிசு பெற்ற அவர், ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்வியை விடாமல் சோதனை செய்தார். பிற்கால மரபணு ஆய்வுகள் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லின.

அந்தப் புல்லைக் கதிராக்கியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஒவ்வொரு அறுவடையிலும் நல்ல மணியைப் பார்த்து எடுத்து, விதைக்கென்று வைத்துவிட்டு, மிச்சத்தை உண்ட குடியானவர்கள் அவர்கள். வஹாக்கா மாநிலத்தின் கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த சிறு கதிர்த்தண்டுகளுக்கு வயது 6000 ஆண்டுக்கு மேல்.

இனி திருவிழாவுக்கு வருவோம். 'எலோத்தே' என்பது ஆஸ்டெக் மக்கள் பேசிய நவாட்டில் மொழியின் 'எலோட்டல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பால் பிடித்த இளங்கதிர் என்று பொருள். அதற்கும் முந்தைய பருவத்துப் பிஞ்சுக் கதிர் 'ஷிலோட்டல்'. அந்தப் பிஞ்சுக் கதிருக்கே ஒரு பெண் தெய்வம் இருந்தாள். பெயர் ஷிலோனென். ஜூலை வாக்கில் அவளுக்குப் பெருவிழா எடுத்தார்கள். அந்த விழா முடியும்வரை யாரும் பிஞ்சுக் கதிரைத் தொட மாட்டார்கள். முடிந்த பிறகே தின்ன அனுமதி. இதையெல்லாம் நமக்கு எழுதி வைத்தவர் பெர்னார்டினோ டி சஹாகூன் என்ற பாதிரியார். 1529இல் மெக்சிகோ வந்து, உள்ளூர்ப் பெரியவர்களிடம் கேட்டு, உள்ளூர் மாணவர்களின் உதவியோடு 12 நூல்களாகத் தொகுத்தார்.

அவர் தரும் ஒரு செய்திதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அந்த விழாவை ஒட்டிப் பல நாட்கள் அரசர் ஏழைகளுக்கெல்லாம் உணவு கொடுப்பாராம். ஏனென்றால் அது பஞ்ச காலம். போன அறுவடையின் தானியம் குதிரில் தீர்ந்திருக்கும். புது அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருக்கும். வயலில் கதிர் பச்சையாக நிற்கும், வீட்டில் பானை காலியாக இருக்கும். நம் ஊரில் ஆடி மாதத்தைப் பஞ்ச மாதம் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதே நிலைமைதான். பசியில் எல்லோரும் பிஞ்சிலேயே பறித்துத் தின்றுவிட்டால் அறுவடைக்கு என்ன மிஞ்சும்? அந்தத் தடைக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த விழாவில் ஷிலோனென் வேடமிட்ட ஒரு பெண்ணைப் பலியிட்டார்கள் என்றும் சஹாகூன் எழுதுகிறார். சோறு போட்டதையும் பலி கொடுத்ததையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வரலாறாகாது.

இன்றைக்கும் ஜூலையில் வஹாக்கா நகரத்து மலையில் கெலகெட்ஸா என்ற பெருவிழா நடக்கிறது. சோளத் தெய்வம் சென்டியோட்டல் பெயரில் ஆண்டுதோறும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து விழாவுக்குத் தலைமை ஏற்கச் சொல்கிறார்கள்.

இப்போது என் வகுப்பில் செய்வதுபோல உலகப் படத்தை விரித்துக்கொள்ளுங்கள். எலோத்தேயில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஊர் குறிப்போம். மக்காச்சோளமும் மிளகாயும் மெக்சிகோவின் சொந்தப் பிள்ளைகள். சீஸ்? ஸ்பானியர் வரும்வரை அங்கே மாடே கிடையாது. ஆகவே பாலும் இல்லை. இன்று மேலே தூவும் கோத்திஹா சீஸ், மிச்சோவகான் மாநிலத்து ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கியது. மயோனைஸ் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பாட்டிலில் அடைத்துக் கடைக்கு வந்த பிறகு, 20ஆம் நூற்றாண்டில் கதிர்மேல் ஏறியது. எலுமிச்சை? அதன் பூர்வீகம் நம் வடகிழக்கு எல்லையிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரையுள்ள பகுதி. அரேபியர் அதை மேற்கே கொண்டுபோனார்கள். ஸ்பானியர் கடல் கடத்தினார்கள். இன்று மெக்சிகோக்காரர் கதிர்மேல் பிழியும் சிறு எலுமிச்சையும், நாம் ஊறுகாய் போடும் எலுமிச்சையும் தாவரவியலில் ஒரே இனம்.

மிளகாய் எதிர்த்திசையில் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். அந்தக் காரம் கொண்ட காய் என்பதால் 'மிளகாய்' என்று பெயர் வைத்தோம். ஆகவே மெரினாவில் சுட்ட கதிர்மேல் மிளகாய்ப்பொடியும் உப்பும் எலுமிச்சையும் தேய்த்துத் தரும்போது, அதில் மூன்றில் இரண்டு பங்கு மெக்சிகோ. மெக்சிகோக்காரர் எலுமிச்சை பிழியும்போது அதில் கொஞ்சம் நம் பக்கம்.

இதுவரை சொன்னது இனிப்பான பகுதி. இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

இளங்கதிரை அப்படியே சுட்டுத் தின்னலாம். ஆனால் ஆண்டு முழுவதும் சாப்பிடுவது காய்ந்த தானியத்தை. மெக்சிகோப் பெண்கள் அதை நேராக அரைக்க மாட்டார்கள். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் தோல் கழன்று வரும்படி அலசி, அம்மி போன்ற கல்லில் அரைப்பார்கள். நாம் வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்புதான். இப்படிப் பக்குவம் செய்த தானியத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். 3000 ஆண்டுக்கு முன்பே இந்த வழக்கம் இருந்ததற்குத் தடயங்கள் உண்டு. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருந்தாலும் அது பூட்டிக் கிடக்கும். உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பூட்டுக்குச் சாவி சுண்ணாம்பு.

கொலம்பஸும் பின்னால் வந்தவர்களும் விதையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அடுப்படிப் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை. விளைச்சல் அதிகம், விலை குறைவு என்பதால் ஏழைகள் மூன்று வேளையும் மக்காச்சோளக் களியே தின்றார்கள். 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் புது நோய் ஒன்றைக் குறித்தார். தோல் வெடித்துக் கருத்து, கழுத்தைச் சுற்றி மாலைபோலப் புண். பிறகு வயிற்றுப்போக்கு, சித்தப் பிரமை, மரணம். இத்தாலியில் அதற்குப் பெல்லாக்ரா, அதாவது சொரசொரப்பான தோல், என்று பெயரிட்டார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1906க்கும் 1940க்கும் இடையில் சுமார் 30 லட்சம் பேரை அது பிடித்ததாகவும், ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடுகிறார்கள்.

அது தொற்றுநோய் என்றே பெரிய டாக்டர்கள் நினைத்தார்கள். 1914இல் விசாரிக்கப் போன ஜோசப் கோல்ட்பெர்கர் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். அனாதை இல்லங்களிலும் மனநல மருத்துவமனைகளிலும் உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது. கூடவே வேலை செய்பவர்களுக்கு வரவில்லை. தொற்றுநோய் ஆள் பார்த்தா ஒட்டும்? மிசிசிப்பியின் அனாதை இல்லங்களில் பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுக்க வைத்தார். நோய் போனது. அப்படியும் நம்ப மறுத்தவர்களுக்காக, நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். அவர் மனைவியும் ஏற்றிக்கொண்டார். இருவருக்கும் நோய் வரவில்லை. அவர் 1929இல் காலமானார். நியாசின்தான் மருந்து என்பது 1937இல் உறுதியானது.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடமும் பெல்லாக்ரா இருந்தது. அதை ஹைதராபாத்தில் ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன்.

1899இல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற மெக்சிகோ அரசியல்வாதி, மக்காச்சோளம் தின்பதால்தான் தம் நாட்டு மக்கள் பின்தங்கினார்கள், கோதுமை தின்பவர்களே முன்னேறியவர்கள் என்று புத்தகம் எழுதினார். அதே காலத்தில் வட இத்தாலியில் ஏழைகள் சுண்ணாம்பு காணாத மக்காச்சோளத்தைத் தின்று நோயில் விழுந்துகொண்டிருந்தார்கள். அவர் கேலி செய்த கிராமத்துப் பெண்கள் கையிலோ அதற்கான மாற்று தினமும் இருந்தது. யாரும் அவர்களிடம் போய்க் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் அடுப்படியில் செய்வது அறிவாகாது என்று நினைத்ததுதான் காரணம்.

சரி, பயந்துவிடாதீர்கள். பல தானியம், பருப்பு, பால் சாப்பிடும் நாம் எப்போதோ ஒரு கதிர் தின்றால் ஒன்றும் ஆகாது. பேத்திக்குப் போன ஞாயிறு நான் செய்து கொடுத்த முறை இது.

நாலு கதிர் எடுத்துக்கொள்ளுங்கள். எலோத்தேக்கு மெக்சிகோவில் பெரும்பாலும் இனிப்புக் குறைந்த வெள்ளைச் சோளம்தான். ஆகவே ஸ்வீட் கார்னைவிட நாட்டு மக்காச்சோளம் பொருத்தம். நகத்தால் மணியைக் கீறினால் பால் வர வேண்டும். தோகையோடு 20 நிமிடம் வேகவைத்து, பிறகு உரித்து, கரியிலோ கேஸ் தீயிலோ அங்கங்கே கருகும்படி சுடுங்கள்.

100 கிராம் பன்னீரைத் துருவி, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறி, துணியில் கட்டித் தண்ணீரை நன்றாகப் பிழிந்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கோத்திஹாவின் உப்பும் உதிரித்தன்மையும் ஓரளவு வந்துவிடும். நாலு மேசைக்கரண்டி மயோனைஸோடு நாலு மேசைக்கரண்டி வடிகட்டிய கெட்டித் தயிர் கலந்துகொள்ளுங்கள். முட்டை சேர்க்காதவர்கள் முட்டையில்லாத மயோனைஸ் வாங்கலாம். நாலு வற்றல் மிளகாயை வெறும் வாணலியில் கருகாமல் வறுத்துப் பொடியுங்கள்.

சூடான கதிரில் கலவையைப் பூசி, பன்னீரில் உருட்டி, மிளகாய்ப்பொடி தூவி, எலுமிச்சை பிழியுங்கள். அவ்வளவுதான். கடிக்கப் பல் இல்லாத எங்கள் வயதுக்காரர்களுக்கும் வழி உண்டு. மணிகளை உதிர்த்து, வெங்காயத்தோடு வெண்ணெயில் வதக்கி, குவளையில் போட்டு, மேலே இதையெல்லாம் சேர்த்துக் கரண்டியால் சாப்பிடலாம். மெக்சிகோவில் அதற்குப் பெயர் எஸ்கீதெஸ்.

செய்து பார்த்துப் படம் போடுங்கள், மகிழ்ச்சி. கூடவே ஒரு வீட்டுப்பாடமும் தருகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "ஏன்னு தெரியாது, எங்கம்மா இப்படித்தான் செய்வாங்க" என்று சொல்லும் சமையல் பக்குவம் ஒன்றைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். கேழ்வரகை முளைகட்டுவது, கூழைப் புளிக்கவிடுவது என்று எதுவாகவும் இருக்கலாம். அளவு, நேரம், எந்தப் பாத்திரம் என்பதோடு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.