பழைய யந்திரத்திற்குப் புதிய அறிவு



மேற்குத் தொடர்ச்சி மலை தென்னாட்டில் அகன்று வழிவிடும் இடம் பாலக்காட்டுக் கணவாய். காற்றும் மழையும், பொதி மாடுகளும் வணிகரும், நெசவாளரும் உழவரும் நெடுங்காலமாகப் போய்வந்த வாயில் அது. 1860களில் சென்னையிலிருந்து மேல்கடற்கரை நோக்கி இட்ட இருப்புப் பாதையும் இவ்வழியேதான் சென்றது. பிற்காலத்தில் கோயமுத்தூரின் பட்டறைத் தொழிலும் இதே வழியாக வாளையாற்றைக் கடந்து கஞ்சிக்கோடு வரை வந்து சேர்ந்தது. ஆலைக் குழாய்களில் நீரையும் நீராவியையும் அளவாக விடும் கட்டுப்பாட்டு வால்வுகளைச் செய்யும் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்று, இன்ஸ்ட்ருமென்டேஷன் நிறுவனத்தின் கிளையாக, 1974ஆம் ஆண்டில் பாலக்காட்டில் தொடங்கப்பெற்றது.

இதற்குத் தெற்கே உயர்ந்து நிற்பது இடுக்கி மலைநாடு. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களைத் தம் வியர்வையால் வளர்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். 1956 நவம்பர் முதல் நாளன்று மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபொழுது அவ்வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன.

கஞ்சிக்கோட்டுப் பட்டறையையும் மூணாற்றுத் தேயிலைச் சாலையையும் ஒரே பேச்சில் இணைப்பதற்கு ஒரு பொருள் உண்டு. அது மில்லிங் யந்திரம். பழைய மில்லிங் யந்திரம் ஒன்றுக்குக் கணிப்பொறிக் கட்டுப்பாட்டைப் பொருத்திப் புதுவாழ்வு தருவதைப் பட்டறைகளில் ‘ரெட்ரோஃபிட்’ என்கின்றனர். இன்று இது புது வழக்கம்போலத் தோன்றுகிறது. ஆயினும் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வியப்பான செய்தி ஒன்று கிட்டுகிறது.

முதலில் யந்திரத்தைப் பற்றிச் சில சொற்கள். கடைசல் யந்திரத்தில் வேலைப்பொருள் சுழலும். உளி அதனைத் தொட்டுச் சீவும். மில்லிங் யந்திரத்தில் பல பற்களையுடைய வெட்டுக் கருவி சுழலும். மேசைமீது இறுகப் பிடிக்கப்பட்ட வேலைப்பொருள் அதன் கீழ் மெல்ல நகரும். மேசையை நகர்த்துவது ஒரு திருகாணி. அதனைத் திருப்புவது கைப்பிடி. கைப்பிடியின் பின்னால் நிற்பவர் தொழிலாளி. இந்த நான்காவது உறுப்பைப் பற்றிய வரலாறே மில்லிங் யந்திரத்தின் வரலாறு எனலாம்.

1862ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரிலிருந்த பிரௌன் அண்டு ஷார்ப் நிறுவனம் ‘யூனிவர்சல்’ மில்லிங் யந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனை வகுத்தவர் ஜோசப் பிரௌன். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. துப்பாக்கி உறுப்புக்களில் துளையிடுவதற்கு முறுக்குத் துளைக்கருவிகள் ஏராளமாக வேண்டியிருந்தன. அவற்றின் சுருள் பள்ளங்களை அரத்தால் கையாலேயே இழைத்து வந்தனர். பிரௌன் மேசையின் நகர்ச்சியையும் வேலைப்பொருளின் சுழற்சியையும் பற்சக்கரத் தொடரால் பிணைத்தார். மேசை ஓர் அங்குலம் நகர்ந்தால் பொருள் இத்தனை பாகை திரும்ப வேண்டும் என்னும் கணக்கைப் பற்சக்கரங்களே தம்முள் தாங்கி நின்றன.

இந்தச் சுருள் பள்ளத்திற்கும் நம் மலைநாட்டிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1930களின் தொடக்கத்தில் அஸ்ஸாமில் வில்லியம் மக்கெர்ச்சர் என்பார் தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் யந்திரம் ஒன்றை அமைத்தார். அதுவே சி.டி.சி. யந்திரம். எதிரெதிராகச் சுழலும் இரண்டு எஃகு உருளைகள் அதில் உள்ளன. ஒன்று மெதுவாகவும் மற்றொன்று ஏறத்தாழப் பத்து மடங்கு விரைவாகவும் சுழல்கின்றன. இலை இடையில் புகுந்து கிழிபடுகிறது. உருளையின் மேற்பரப்பில் சுற்றுவாட்டில் சில பள்ளங்களும், சாய்வாக நீளவாட்டில் சில பள்ளங்களும் வெட்டப்பட்டிருக்கும். அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் கூரிய பற்கள் உண்டாகின்றன.

நாள்தோறும் இலையைக் கிழிக்கும் பற்கள் மழுங்கும். மழுங்கிய பல் இலையை வெட்டுவதற்கு மாறாகத் தேய்க்கும், சூடு ஏறும், தேநீரின் தரம் கெடும். ஆகவே குறித்த காலத்திற்கு ஒருமுறை உருளையைக் கழற்றி, மேற்பரப்பைக் கடைந்து, பள்ளங்களை மீண்டும் வெட்ட வேண்டும். ஒரு சாய்பள்ளம் முடிந்ததும் உருளையை மிகச் சரியான அளவு திருப்பி அடுத்ததை வெட்ட வேண்டும். ஒரு பள்ளத்தில் பிழை நேரின் உருளை முழுவதும் மீண்டும் கடைசலுக்குப் போகும். நாம் பருகும் ஒரு கோப்பைத் தேநீரின் பின்னால் ஒரு மில்லிங் தொழிலாளியின் கண்ணும் கையும் இருப்பதை எத்தனை பேர் அறிவோம்?

இனி வியப்பான செய்திக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் சுழலிறகுகளைச் செய்து வந்தார். கல்லூரிப் பட்டம் பெறாதவர், பட்டறையிலேயே பயின்றவர். இறகின் வளைவைச் சரிபார்க்கும் அச்சுத் தகடுகளைத் துல்லியமாக வெட்டுவது அவருக்கு இடர்ப்பாடாயிருந்தது. அவருடன் பணியாற்றிய ஃபிராங்க் ஸ்டூலன், துளை அட்டைகளைக் கொண்டு இயங்கும் கணக்கீட்டு யந்திரத்தின் உதவியால் வளைவின் புள்ளிகளை எண்களாகக் கணித்துத் தந்தார். பிறகு ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார். இருவர் ஆளுக்கொரு கைப்பிடியைத் திருப்புவர். இப்படி மூவர் கூடி உலோகத்தில் வளைவை வெட்டினர். ‘எண்ணைப் படிப்பவரும் கைப்பிடியைத் திருப்புவோரும் இன்றியே இது நிகழலாகாதா?’ என்னும் எண்ணம் பார்சன்ஸுக்கு எழுந்தது.

1949இல் அமெரிக்க விமானப் படை இதற்குப் பொருளுதவி அளித்தது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் பணியில் சேர்ந்தது. அவர்கள் இதற்கெனப் புதிய யந்திரம் எதையும் வார்க்கவில்லை. சின்சினாட்டி நிறுவனத்தார் செய்த ‘ஹைட்ரோடெல்’ என்னும் மில்லிங் யந்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பழைய கட்டுப்பாட்டு உறுப்புக்களை நீக்கி, மூன்று அச்சுக்களிலும் சர்வோ அமைப்பைப் பொருத்தினர். துளையிட்ட காகித நாடாவிலிருந்து கட்டளை பெற்று அது இயங்கியது. நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழல்கள் அலமாரி அலமாரியாக அருகில் நின்றன. 1952 செப்டம்பரில் அதனை உலகிற்குக் காட்டினர். ஆக, எண்முறைக் கட்டுப்பாட்டில் இயங்கிய அந்த முன்னோடி மில்லிங் யந்திரமே ஒரு ரெட்ரோஃபிட்! பழைய உடலில் புதிய அறிவை ஏற்றியே இத்துறை பிறந்தது. பார்சன்ஸுக்கும் ஸ்டூலனுக்கும் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 1985இல்தான் கிட்டியது.

அதே காலத்தில் மற்றொரு வழியும் திறந்திருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர்கள் 1940களின் பிற்பகுதியில் ஒரு முறையை உருவாக்கினர். கைதேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைத் தம் கையால் செய்வார். அவருடைய கைப்பிடி அசைவுகள் காந்த நாடாவில் பதிவாகும். பிறகு யந்திரம் அவ்வசைவுகளைத் தானே திருப்பிச் செய்யும். பாடகரின் குரலை இசைத்தட்டில் பதிவதைப் போன்றது இது. இம்முறையில் அறிவின் ஊற்று தொழிலாளியிடமே இருந்தது. எண்முறையிலோ அது வரைபட அறைக்கும் கணக்கறைக்கும் இடம்பெயர்ந்தது. இறுதியில் எண்முறையே வென்றது. விமானங்களின் சிக்கலான வளைவுகளுக்கு அது பொருத்தமாயிருந்தது ஒரு காரணம். பட்டறையின் கட்டுப்பாட்டைத் தொழிலாளியின் கையிலிருந்து எடுத்துவிட வேண்டுமென்ற நிர்வாகத்தாரின் விருப்பமும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. தொழில் தேடி வேற்று மாநிலம் சென்ற நம் ஃபிட்டர்களும் டர்னர்களும் நாள்தோறும் சந்திக்கும் வழக்கும் இதுவே.

நம் நாட்டில் 1953இல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தோன்றியது. 1961இல் அதே நகரில் பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர் நிறுவனம் எழுந்தது. மில்லிங் யந்திரங்களுக்கு அது பெயர் பெற்றது. கோயமுத்தூரில் 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ் 1988இல் சி.என்.சி. யந்திரங்கள் செய்யும் பிரிவைத் தொடங்கியது. அக்காலத்தில் வார்த்த கனத்த யந்திரங்கள் பல இன்றும் பட்டறைகளில் நிற்கின்றன. பல ஆண்டுகள் நின்று பக்குவப்பட்ட வார்ப்பிரும்பு உள்ளழுத்தம் தணிந்து, இனி எளிதில் கோணாது. அதனைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவதா, புதுப்பிப்பதா என்பதே கேள்வி.

புதுப்பித்தல் என்பது மோட்டாரையும் கணிப்பொறியையும் வாங்கி மாட்டிவிடும் வேலையன்று. முதலில் உடலைச் சோதிக்க வேண்டும். மேசை வழுக்கிச் செல்லும் தடங்கள் நடுவில் தேய்ந்தும் ஓரங்களில் தேயாமலும் இருக்கும். அவற்றை நீல மை தடவி, மேடுகளைக் கண்டு, கையால் சுரண்டி மட்டமாக்குவது ‘ஸ்கிரேப்பிங்’ என்னும் பழங்கலை. தடம் கோணியிருந்தால் எவ்வளவு உயர்ந்த கட்டுப்பாட்டைப் பொருத்தினாலும் கோணலான உருப்படியே விரைவாகக் கிடைக்கும்.

அடுத்தது திருகாணி. பழைய திருகாணிக்கும் அதன் மரைக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. கைப்பிடியை மறுபுறம் திருப்பினால் சிறிது தூரம் மேசை அசையாது. இதனைப் பட்டறையில் ‘பேக்லாஷ்’ என்பர். அனுபவமுள்ள தொழிலாளி எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவை அணுகி இக்குறையைக் கடந்துவிடுவார். கணிப்பொறிக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை. ஆகவே மரைக்குள் எஃகுக் குண்டுகள் உருளும் ‘பால் ஸ்குரூ’வைப் பொருத்துகின்றனர். இதில் இடைவெளி அநேகமாக இல்லை. உராய்வும் மிகக் குறைவு.

ஆயினும் ஒரு நன்மை வந்தால் ஒரு பொறுப்பும் உடன் வருகிறது. பழைய திருகாணி உராய்வினால் பாரத்தைத் தானே தாங்கி நிற்கும். பால் ஸ்குரூவோ மின்சாரம் நின்றவுடன் பாரத்தினால் பின்னோக்கிச் சுழன்றுவிடக்கூடும். யந்திரத்தின் ‘நீ’ எனப்படும் கனத்த தாங்கிமேடை அப்பொழுது கீழிறங்கும். அதனால் அவ்வச்சின் மோட்டாருக்குத் தடை அமைப்பு இன்றியமையாதது. பழைய கைப்பிடிகளையும் கழற்றிவிட வேண்டும். சர்வோ மோட்டாருடன் சேர்ந்து அவை விரைந்து சுழலுமாயின் அருகில் நிற்பவரின் எலும்பை முறித்துவிடும். எல்லைச் சுவிட்சுகளும் அவசர நிறுத்தப் பொத்தானும் இல்லாத யந்திரத்தை ஓட்டத் துணிவது அறிவுடைமையன்று.

மூன்றாவது மூளை. 1971இல் நுண்செயலி வெளிவந்தபின் அலமாரிகள் சிறு பெட்டிகளாகச் சுருங்கின. 1972இல் ஜப்பானின் ஃபானுக் தனி நிறுவனமாகி இத்துறையில் முன்னணிக்கு வந்தது. 1990களில் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் யந்திரக் கட்டுப்பாட்டுக்கான மென்பொருள் ஒன்றை எழுதி, யாவரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தது. அதிலிருந்து வளர்ந்ததே இன்று லினக்ஸ்சி.என்.சி. என வழங்குவது. இதன் பயனாகச் சிறு பட்டறைக்காரரும் பெருஞ்செலவின்றி ஒரு சாதாரணக் கணிப்பொறியைக் கொண்டு யந்திரத்தை இயக்க முடிகிறது. மோட்டாரோடு இணைந்த ‘என்கோடர்’ எத்தனை தூரம் நகர்ந்தது என்பதை நொடிதோறும் அறிவித்துக்கொண்டே இருக்கும். கட்டளைக்கும் நகர்ச்சிக்கும் வேறுபாடு கண்டால் கட்டுப்பாடு அதைத் திருத்தும்.

இப்பொழுது தேயிலை உருளையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். 1862இல் பற்சக்கரத் தொடர் தாங்கி நின்ற கணக்கை இன்று சில வரி எண்கள் தாங்குகின்றன. மேசையின் நகர்ச்சிக்கும் உருளையின் சுழற்சிக்கும் உள்ள உறவை மாற்ற வேண்டின் பற்சக்கரங்களைக் கழற்ற வேண்டுவதில்லை. எண்ணை மாற்றினால் போதும்.

எல்லாப் பழைய யந்திரத்திற்கும் இது தகுமா எனின், தகாது. தானே கருவி மாற்றிக்கொள்ளும் வசதியும், மிகுந்த சுழல்வேகமும், குளிர்நீர் சிதறாத கூண்டும் புதிய யந்திரத்திற்கே உரியன. இரவு பகலாக ஆயிரக்கணக்கில் உருப்படி செய்ய வேண்டிய ஆலைக்குப் புதியதே இலாபம். பல வகை வேலைகளைச் சிறு எண்ணிக்கையில் செய்யும் பட்டறைக்கும், பெருநகரம் எட்டாத மலைச்சாலைக்கும் புதுப்பித்தல் பெரிதும் உதவும். அடித்தளம் நேராக இருந்து, சுழல்தண்டு ஆட்டமின்றி இருந்தால் மட்டுமே அப்பணியில் இறங்க வேண்டும்.

இறுதியாக மனிதனைப் பற்றிய பேச்சு. புதுப்பித்த யந்திரத்தின் முன் இருவகை அறிவு ஒன்றுகூட வேண்டியிருக்கிறது. வெட்டும் ஓசையைக் கேட்டே கருவி மழுங்கியதை அறிபவர் ஒருவர். எண்களால் கட்டளை எழுதத் தெரிந்தவர் மற்றொருவர். முன்னவர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர். பின்னவர் அவருடைய மகன் வயதினர். யந்திரத்தை மட்டும் காத்து மூத்தவரை வெளியே அனுப்பிவிட்டால் வெட்டுவேகம் எவ்வளவு, எங்கே பிடித்தால் பொருள் அதிராது என்னும் அறிவு அவரோடு போய்விடும். அதை எந்த நாடாவும் பதிந்து வைக்கவில்லை.

புணேயிலோ பெங்களூரிலோ கஞ்சிக்கோட்டிலோ பட்டறையில் நிற்கும் தமிழ்த் தோழர்களுக்கு ஒன்று சொல்லலாம். மூத்தவர்கள் எண்மொழியைக் கற்க அஞ்ச வேண்டாம்; பல ஆண்டுகள் கையால் செய்த அசைவுகளையே அது எழுத்தில் எழுதுகிறது. இளையவர்கள் ஸ்கிரேப்பிங் கற்க நாண வேண்டாம். திரையில் தோன்றும் எண் மெய்யா பொய்யா என்பதை அக்கைவேலை தெரிந்தவரே சொல்ல முடியும். பழைய இரும்பைத் தள்ளிவிடாமல் புதுப்பிக்க நினைக்கும் முதலாளி, அவ்விரும்போடு வாழ்ந்தவரையும் அவ்வாறே மதித்து, அவருக்குப் புதியதைக் கற்பித்து உடன் வைத்துக்கொள்வாராக.