முறிவு

'முறி' என்னும் வினையடியாகப் பிறந்து, கிளை முறிவு, எலும்பு முறிவு, உறவு முறிவு என உலக வழக்கில் பலவாறு பயிலும் இச்சொல், உலோக சாஸ்திரத்தில், விரிசல் வளர்ந்து பொருள் இரண்டாகப் பிரிதலைக் குறிக்கும். விரிசல் காரணம், முறிவு காரியம். விரிசலின் முனையில் குவியும் தகைவின் தீவிரத்தை ஒரே எண்ணாற் குறிக்க, அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்து இர்வின் 1957-இல் வழி கண்டபின், முறிவெதிர்ப்பு அளக்கத்தக்க குணமாயிற்று. வெட்டுவாய் இட்ட உலோகத் துண்டைச் சிறு விசையால் பன்முறை இழுத்துத் தளர்த்திக் கூரிய விரிசலைத் தோற்றுவித்து, பின்னர்ச் சீராக இழுத்து, விசையையும் பிளவுவாய் அகலுவதையும் ஒருங்கே பதிவு செய்து, விரிசல் ஓடத் தொடங்கும் நிலையை ஆய்வாளர் கணிப்பர். மெகாபாஸ்கல்–வர்க்கமூல மீட்டர் என்னும் அலகில், அந்நிலைக்குரிய தீவிர எண் ஜன்னற் கண்ணாடிக்கு 1-க்கும் குறைவு. வானூர்திக்குரிய 7075 அலுமினியக் கலவைக்கோ சுமார் 25.