லயத்து வீடும் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலும்

தோட்டத்தில் வேலை முடிந்தால் வீடும் போகும். 40 ஆண்டு பால் வெட்டியவருக்கும் லயத்து வீட்டில் உரிமை கிடையாது. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் குடிநீர், மின்சாரம் போன்ற வசதிகளைக் கேட்கிறதே தவிர, வீட்டைச் சொந்தமாக்கச் சொல்லவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் போதனை தொடங்குவதே இந்தக் கேள்வியில்தான். போப் 13ஆம் லியோ 1891 மே 15இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலின்படி, கூலி குடும்பத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. மிச்சம் பிடித்துச் சிறு சொத்து வாங்கவும் அது இடம் தர வேண்டும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாலேயே கூலி நியாயமாகிவிடாது. தனிச்சொத்துக்காக வாதாடிய மடல் இது. அந்த வாதம் முதலாளிக்கு மட்டும் உரியதன்று. தொழிலாளியை நேரடியாக வேலைக்கு வைக்காத அரசுக்கும் பொறுப்புண்டு என்று 1981இல் போப் 2ஆம் ஜான் பால் எழுதினார்.

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் கேட்டதும் இதைத்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடிய பிறகு, 2023இல் 245 தரை வீடுகளுக்கான திட்டம் தொடங்கப்பட்டது. 20 ஏக்கர் நிலத்தை பெர்ஜாயா குழுமம் வழங்கியது. கட்டுமானத்துக்கு அரசு நிதி.

செம்பனைத் தோட்டங்களில் இன்று வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் வேலை உள்ளவரைதான் வீடு.