ஊதுவாயின் அளவும் ஒலியும்: மலைபடுகடாம் தூம்பு முதல் திருச்சின்னம் வரை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் மரபு குழல், நாகசுரம், கொம்பு ஆகிய மூன்றையும் துளைக்கருவி என ஒரே வகையில் அடக்குகிறது. இவற்றை வேறுபடுத்துவது இதழ் படும் முனையாகிய ஊதுவாயே. அதன் அளவு ஒலியையும் வாசிப்பையும் வரையறுக்கும் முறையைத் திருவண்ணாமலை வட்டாரத்தோடு தொடர்புடைய இலக்கியச் சான்றுகளின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய நூல் மலைபடுகடாம். அதன் தொடக்கம் கூத்தர் சுமந்து சென்ற இசைக்கருவிகளை வரிசைப்படுத்துகிறது. யானையின் நெட்டுயிர்ப்புப் போல ஒலிக்கும் தூம்பும், இளி என்னும் சுரத்தை ஒலிக்கும் குறுந்தூம்பும் அங்குத் தனித்தனியே சுட்டப்படுகின்றன. குழாயின் அளவு மாறின் ஒலியும் மாறும் என்னும் பட்டறிவு இதனால் புலனாகிறது. ஊதுவாய் பற்றிய குறிப்பு அவ்வரிசையில் இல்லை.

ஊதுவாயின் இயக்கம்

நாகசுரத்தில் சீவாளி அதிர்கிறது. கொம்பு, எக்காளம், திருச்சின்னம் ஆகியவற்றில் ஊதுவோரின் இதழ்களே அதிர்கின்றன. இவ்வகைக் கருவியின் ஊதுவாய்க் கிண்ணத்தின் உள்விட்டம் மேலைநாட்டு டிரம்பெட்டில் ஏறத்தாழ 16 முதல் 17 மி.மீ., டிராம்போனில் 25 மி.மீ., டியூபாவில் 32 மி.மீ. ஆகும். விட்டம் பெருகப் பெருக அதிரும் இதழ்ப்பரப்பும் பெருகுகிறது. தாழ்ந்த சுரங்கள் எளிதாகின்றன. கிண்ணத்தின் கொள்ளளவும் அதன் அடியிலுள்ள நுண்துளையும் இணைந்து ஓர் ஒத்ததிர்வியாகச் செயல்படுகின்றன. ஆதலால் ஆழங்குறைந்த கிண்ணம் கூரிய ஒலியையும், ஆழமான கிண்ணம் மென்மையான ஒலியையும் தருகின்றன.

திருச்சின்னம் தரும் சான்று

மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் அருளியதாக மரபு கூறும் திருவெம்பாவையின் ஏழாம் பாடலில் சின்னங்கள் குறிக்கப்படுகின்றன. அவற்றை ஊதுகருவிகளாகப் பொருள்கொள்வதுண்டு. வேதாந்த தேசிகர் இக்கருவியின் பெயராலேயே திருச்சின்னமாலை இயற்றினார். நேரான இரு பித்தளைக் குழல்களை ஒருவரே ஒருசேர ஊதுவது திருச்சின்னத்தின் தனித்தன்மை.

இவ்வழக்கமே ஊதுவாயின் அளவுக்குச் சான்றாகிறது. டிரம்பெட் ஊதுவாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 27 மி.மீ. அத்தகைய இரண்டை அடுத்தடுத்து வைத்தால் 54 மி.மீ. ஆகும். வளர்ந்த ஒருவரின் வாயகலமோ சுமார் 50 மி.மீ. அளவினதே. எனவே அகன்ற விளிம்புடைய கிண்ணம் திருச்சின்னத்திற்குப் பொருந்தாது. குறுகிய முனையே இயலும். ஒவ்வொரு முனைக்கும் கிடைக்கும் இதழ்ப்பரப்பு சிறிதாதலால் பல சுரங்களை நாடி வாசிக்கும் வாய்ப்பு சுருங்குகிறது. விரல்துளைகளும் இல்லை. இரு குழல்களின் அதிர்வெண்கள் சற்றே வேறுபடின், இயற்பியலார் விம்மல் எனக் குறிக்கும் ஒலியேற்ற இறக்கம் தோன்றும். இறைவன் எழுந்தருளலை அறிவிக்கும் கருவிக்கு இராக விரிவைவிட இத்தகைய தொலைவெட்டும் முழக்கமே தேவைப்பட்டது. திருச்சின்னத்தின் வடிவமும் பயனும் ஒன்றையொன்று தீர்மானித்துள்ளன எனலாம்.

முடிவுரை

நசுங்கிய முனையைக் கன்னார் செப்பனிடும்போது ஊதுவாயின் விட்டம் சிறிதளவு மாறினும் கருவியின் குரல் மாறிவிடும்; பழகிய இதழுக்கு அது புதிய கருவியாகிவிடும். எனவே கோயிற் கருவிகளை ஆவணப்படுத்துவோர் மொத்த நீளத்தோடும் விரிமுனை விட்டத்தோடும் நின்றுவிடாது, ஊதுவாயின் உள்விட்டம், வெளிவிட்டம், ஆழம், நுண்துளை ஆகியவற்றையும் அளந்து பதிதல் வேண்டும். ஊதுவோர் அருகிவிட்ட கருவியின் ஒலியை மீட்டெடுக்க இவ்வளவுகள் இன்றியமையாதவை.