தற்காப்புக் கைத்துப்பாக்கியின் நம்பகம்

தற்காப்புக்கென வைத்திருக்கும் கைத்துப்பாக்கியை நம்பலாமா என்பது மூன்று கேள்விகளில் அடங்கும். விசையை இழுத்ததும் சுடுமா, அடுத்தடுத்து இழுத்தாலும் சுடுமா, இழுக்காதபோது சுடாமல் இருக்குமா? முதல் இரண்டையும் சுடுதளத்தில் தோட்டாக்களைச் செலவழித்துச் சோதித்துவிடலாம். மூன்றாவதைச் சோதிக்க, பிடித்திருப்பவரின் நடுங்கும் கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், எளிதாகச் சுடும் கருவி தவறுதலாகவும் எளிதாகச் சுடும். இந்த இழுபறிக்கு அமெரிக்கக் காவல்துறைகள் ரிவால்வரை விட்டுப் பிஸ்டலுக்கு மாறிய வரலாற்றில்தான் தெளிவான சான்றுகள் கிடைக்கின்றன.

நெருக்கடியில் உடல்

உயிருக்கு ஆபத்து என்று உணர்ந்ததும் அட்ரினலின் பெருகும், இதயம் வேகமெடுக்கும், கைவிரல்களுக்குப் போகும் இரத்தம் குறையும். வால்டர் கேனன் 1915இல் விவரித்த ‘சண்டையிடு அல்லது ஓடு’ நிலை இது. கனமான பொருளைத் தள்ளவும் ஓடவும் இந்நிலை உதவும். சிறிய நெம்பைக் கட்டைவிரலால் கீழே தள்ளுவது, சிறு துளையில் தோட்டாவை நுழைப்பது போன்ற வேலைகளுக்கு இதைப் போல் எதிரி இல்லை.

புலன்களும் ஏமாற்றும். துப்பாக்கிச் சூட்டில் ஈடுபட்ட 157 காவலர்களிடம் உளவியலாளர் அலெக்சிஸ் ஆர்ட்வோல் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. 84 விழுக்காட்டினர் வெடிச்சத்தமே மங்கலாகக் கேட்டதாகவும், 79 விழுக்காட்டினர் பார்வை குறுகிப்போனதாகவும், 62 விழுக்காட்டினர் எல்லாம் மெதுவாக நடந்ததுபோல் தோன்றியதாகவும் சொன்னார்கள். இதயத்துடிப்பு 115ஐத் தாண்டினால் விரல் நுட்பம் போகும், 145ஐத் தாண்டினால் அதற்கு மேலும் போகும் என்று பயிற்சி வகுப்புகளில் காட்டும் அட்டவணைகளை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். மாடிப்படி ஏறியதால் கூடும் துடிப்பும் பயத்தால் கூடும் துடிப்பும் ஒன்றல்ல.

நேரமும் மிகக் குறைவு. சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டுயெல்லர், கத்தியோடு ஓடிவரும் ஒருவர் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார் என்று 1983இல் எழுதினார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து ஒருமுறை சுடவும் பயிற்சி பெற்றவருக்கு ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். நியூயார்க் காவல்துறை குறித்து ராண்ட் நிறுவனம் 2008இல் அளித்த அறிக்கையின்படி, எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர் சுட்டவற்றில் 18 விழுக்காடே இலக்கில் பட்டன. எதிராளி சுடாதபோதும் 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை. இவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி எடுத்தவர்கள். வீட்டு அலமாரியில் துப்பாக்கியை வைத்துவிட்டு மறந்துபோகும் உரிமக்காரருக்கு எவ்வளவு மதிப்பெண் விழும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ரிவால்வர்

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுழல் அமைப்பு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1899இல் கொண்டுவந்த .38 ஸ்பெஷல் ரிவால்வரில் முழு வளர்ச்சி பெற்றது. பின்னாளில் ‘மாடல் 10’ என்று பெயர் பெற்ற அந்த வகை, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு அமெரிக்கக் காவலரின் இடுப்பில் இருந்தது. காரணம் எளிது. தள்ள வேண்டிய பாதுகாப்பு நெம்பு (சேஃப்டி) இல்லை. பின்னுக்கு இழுக்க வேண்டிய மேற்பகுதி (ஸ்லைடு) இல்லை. தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த அறை சுழன்று வந்து நிற்கும். ஆண்டுக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்தாலும் ஸ்பிரிங் தளராது. சட்டைப் பைக்குள் இருந்தபடியே சுட்டாலும் வேலை செய்யும்.

இதனால்தான் ‘ரிவால்வர் சிக்காது’ என்ற பேச்சு வந்தது. அது முழு உண்மை அன்று. காலித் தோட்டாவை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் சிக்கினால் சிலிண்டர் இறுகிவிடும். மிக இலகுவான ரிவால்வரில் உதைப்பின் வேகத்தில் மீதமுள்ள தோட்டாக்களின் குண்டுகள் உறையிலிருந்து முன்னே நகர்ந்து சுழற்சியைத் தடுக்கும். பிஸ்டல் அடிக்கடி சிக்கலாம். ஆனால் பழகிய கை சில நொடிகளில் சரிசெய்துவிடும். ரிவால்வர் அரிதாகவே சிக்கும். சிக்கினால் பெரும்பாலும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

அதன் உண்மையான பலவீனம் மறுபடி நிரப்புவது. கலிபோர்னியாவின் நியூஹாலில் 1970 ஏப்ரலில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவாக நிரப்பிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். அவர் காலி உறைகளைச் சுடுதளப் பழக்கத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் என்ற கதை பயிற்சி வகுப்புகளில் பல்லாண்டுகள் ஓடியது. அது உண்மையில்லை என்று பின்னர் தெரியவந்தது. ஆறு தோட்டாக்களையும் ஒரே தள்ளலில் இறக்கும் ஸ்பீட்லோடர் அத்துறையில் புகுந்தது இந்த நிகழ்வுக்குப் பிறகே.

தானியங்கிப் பிஸ்டல்

ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை அமெரிக்கப் படை 1911 மார்ச்சில் ஏற்றது. அதற்கு முந்தைய சோதனையில் ஒரே துப்பாக்கியால் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறியதும் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை. இரும்பைப் பொறுத்தவரை இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அதைத் தயார்நிலையில் வைத்திருப்பது என்றால், சுத்தியைப் பின்னுக்கு இழுத்து, சேஃப்டியைப் போட்டு வைப்பது. சுடும் முன் கட்டைவிரலால் அந்த நெம்பைக் கீழே தள்ள வேண்டும். நாள்தோறும் பழகியவருக்கு அது அனிச்சை. பழகாதவர் பதற்றத்தில் விசையை இழுத்து இழுத்துப் பார்த்து, துப்பாக்கி கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

ஆஸ்திரியாவின் காஸ்டன் க்ளாக் இந்த முடிச்சை அவிழ்த்தார். 1982இல் அந்நாட்டுப் படை ஏற்ற க்ளாக் 17 பிஸ்டலில் வெளியே தள்ளும் சேஃப்டி கிடையாது. விசையின் முகத்திலுள்ள சிறு நாக்கு, தோட்டாவை அடிக்கும் ஊசியை மறிக்கும் முளை, கீழே விழுந்தால் சுடாமல் தடுக்கும் அமைப்பு ஆகிய மூன்றும் விசையை இழுக்கும்போது தாமாகவே விலகும். விட்டால் தாமாகவே பூட்டிக்கொள்ளும். உடல் பாலிமர், தோட்டாக்களை அடக்கும் மேகசினில் 17 தோட்டா. சுடுபவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று. அதே காரணத்தால் விசையை மூடிக் காக்கும் நல்ல உறை இல்லாமல் அதை இடுப்பில் செருகுவது ஆபத்து. அதைக் கழற்றவும் முதலில் விசையை இழுக்க வேண்டும் என்பதால், அறையில் ஒரு தோட்டா கிடப்பதைக் கவனிக்காமல் துடைக்க உட்கார்ந்தவர்கள் சுட்டுக்கொண்டதும் உண்டு.

மயாமி, 1986

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர் எட்டுப் பேர் இரண்டு வங்கிக் கொள்ளையரை மறித்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்த சண்டையில் முகவர் இருவர் இறந்தனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையர் இருவரும் இறந்தனர். முகவர்களில் மூவரிடம் 9 மி.மீ. பிஸ்டல் இருந்தது, மற்றவர்கள் பெரும்பாலும் ரிவால்வரை நம்பி இருந்தார்கள்.

கார்கள் மோதியதில் முகவர் பெஞ்சமின் க்ரோகனின் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. அவர் அந்த அலுவலகத்தில் குறி தவறாதவர் என்று பெயர் எடுத்தவர். கோர்டன் மெக்நீலின் கையில் குண்டு பாய்ந்தது; காயத்திலிருந்து வழிந்த இரத்தமும் சதைத் துணுக்கும் சிலிண்டரில் புக, அவரால் ரிவால்வரை மறுபடி நிரப்ப முடியவில்லை. ஜெர்ரி டவ்வின் பிஸ்டல் மீதே குண்டு பட்டு அது செயலிழந்தது. இடது முன்கை நொறுங்கிய எட்மண்டோ மிரெலெஸ், ஷாட்கன்னை ஒற்றைக் கையால் இயக்கிச் சுட்டு, கடைசியில் ரிவால்வரால் சண்டையை முடித்தார்.

விசாரணையின் கவனம் குண்டின் மேல் விழுந்தது. டவ் சுட்ட ஒரு 9 மி.மீ. குண்டு கொள்ளையரில் ஒருவரின் மார்புக்குள் போய் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது என்பதே முதன்மைக் குறையாகச் சொல்லப்பட்டது. பெரிய தோட்டா வேண்டும் என்று 10 மி.மீ. பிஸ்டல் வந்தது, அதன் உதைப்பைப் பலரால் தாங்க முடியாமல் .40 வந்தது, பின்பு 2014இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவே 9 மி.மீ. போதும் என்று எழுதியது. உதைப்புக் குறைவு, வேகமாகவும் சரியாகவும் சுட முடிகிறது, தோட்டா கூடுதலாகக் கொள்கிறது என்பன காரணங்கள். குண்டுகளும் இடைப்பட்ட காலத்தில் மேம்பட்டிருந்தன. ஆயினும், கழன்ற கண்ணாடியும் வழுக்கும் கையும் 1986இலேயே சொன்ன சேதியை அந்த அமைப்பு சுற்றிவளைத்துத்தான் வந்து சேர்ந்தது.

விசையின் கனம்

ரிவால்வரின் விசையை முழுதாக இழுக்க ஏறத்தாழ 5 கிலோ இழுப்பு வேண்டும்; வழக்கமான க்ளாக்குக்கு அதில் பாதி. நியூயார்க் காவல்துறை 1993இல் 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறியபோது, தவறுதலாகச் சுடுவதைத் தவிர்க்க, சுமார் 12 பவுண்டு, அதாவது 5.4 கிலோ வேண்டிய கனமான விசையைப் பொருத்தியது. பழைய ரிவால்வரின் கனத்தைப் புதிய துப்பாக்கிக்குள் கொண்டுவந்ததாகவே இதைச் சொல்ல வேண்டும். 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் எதிரே கொலையாளி ஒருவரை நோக்கி இரு காவலர்கள் 16 முறை சுட்டார்கள். கொலையாளி இறந்தார், வழிப்போக்கர் ஒன்பது பேர் காவலரின் குண்டாலும் அதன் சிதறலாலும் காயமடைந்தனர். கனமான விசை குறியைக் கலைக்கிறது என்ற குற்றச்சாட்டு அன்று மீண்டும் எழுந்தது.

மறுபக்கமும் உண்டு. ஒரு கையை இறுக்கினால் மற்றக் கையும் தன்னையறியாமல் இறுகும். கால் இடறினாலும் விரல்கள் மடங்கும். இலகுவான விசைமேல் விரல் இருந்தால் அது போதும். அதனால், சுட முடிவெடுக்கும்வரை விரலை விசைக்காப்புக்கு வெளியே நீட்டி வைக்கப் பழக்குகிறார்கள். விசையைக் கனமாக்குவது பயிற்சியின் குறையை இரும்பால் அடைக்கும் முயற்சி; ஓரளவுக்குத்தான் பலிக்கும்.

கீழே விழுவது வேறு கதை. அமெரிக்கப் படை 2017இல் தேர்ந்த சிக் சாவர் பி320 வகையின் பொதுச்சந்தைத் துப்பாக்கி, குறிப்பிட்ட கோணத்தில் பின்புறமாக விழுந்தால் சுடுகிறது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் தெரியவந்தது. விசையின் சொந்த எடையே விழும் வேகத்தில் அதைப் பின்னுக்குத் தள்ளியது. எடை குறைந்த விசையைப் பொருத்தித் தர நிறுவனம் முன்வந்தது.

தோட்டா, மேகசின், அளவு

பிஸ்டல் சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மேகசின்: வளைந்த உதடு, களைத்த ஸ்பிரிங். அடுத்தது தோட்டாவின் வடிவம். உருண்டை முனைக் குண்டுக்கென வடித்த பழைய .45 பிஸ்டல்கள், முனையில் குழி உள்ள குண்டை ஏற்றும்போது திணறும். மூன்றாவது, பிடி. தளர்ந்த மணிக்கட்டு உதைப்போடு சேர்ந்து பின்னே போனால் ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. காலித் தோட்டா வாயில் செங்குத்தாகச் சிக்கி நிற்கும். இதனால்தான் ஒருவர் கையில் சிக்காத துப்பாக்கி மற்றவர் கையில் சிக்குகிறது. எந்தத் தோட்டாவோடு வைத்திருக்கப் போகிறாரோ அதே தோட்டாவில் சுமார் 200ஐ உரியவரே சுட்டு, ஒன்றும் சிக்காவிட்டால்தான் நம்ப வேண்டும் என்பது பயிற்சியாளர் பலரின் வழக்கம்.

சிறிய துப்பாக்கி புதியவருக்கு ஏற்றது என்பது கடைக்காரர் பேச்சு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 1950ஆம் ஆண்டு ஐந்து தோட்டா ரிவால்வர் முதல் இன்றுவரை, பைக்குள் அடங்குபவை எல்லாம் சுடக் கடினமானவை. அரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கியில் ஐந்து கிலோ விசையை இழுத்தால் குழல் அசையாமல் இருக்காது. இலகுவானதில் உதைப்பும் கூடும். அவற்றின் உண்மையான பயன் ஒன்றே: எப்போதும் கூடவே இருக்கும்.

இந்தியாவில்

ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 ஆகியவற்றின்படி படையினரின் 9 மி.மீ. தோட்டாவையோ, .380, .455 தோட்டாக்களையோ சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகை. ஆகவே மயாமிக்குப் பின் நடந்த தோட்டா அளவுச் சண்டை முழுவதும் இந்திய உரிமக்காரருக்கு வெளியூர் வழக்கு. அவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32; அதிலும் அரசுத் தொழிற்சாலை ரிவால்வர் பயன்படுத்துவது 1896இல் பிறந்த தோட்டாவை. 2014இல் கான்பூரில் ‘நிர்பீக்’ என்ற இலகுவான .32 ரிவால்வர் பெண்களுக்கென்று சொல்லி அறிமுகமானது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். விலையைப் பலரும் குறை சொன்னார்கள். உடல் இலகுவானாலும் விசை இலகுவாகாது என்பது அதைவிடப் பெரிய குறை.

ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தற்காப்பு உரிமையின் எல்லைகளைக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் வகுக்கின்றன. 2016 விதிகள் உரிமம் கேட்பவர் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. சுட்டுப் பழகுவது அதற்கு அடுத்த படி; அதற்குரிய தோட்டாக்களை உரிமத்தில் எழுதியுள்ள எண்ணிக்கைக்குள்தான் வாங்க முடியும்.