எண்களைப் படமாக்கும் கருவி எளியவர் கைக்கு வந்த வரலாறு



இன்றைய உரையில் ஒரு கருவியின் வரலாற்றைப் பார்ப்போம். மண்வெட்டி போலவோ பால் வெட்டும் கத்தி போலவோ கையில் பிடிக்கும் கருவி அன்று அது. எண்களை வாங்கிக்கொண்டு, அவற்றைக் கோடாகவும் கட்டமாகவும் வரைந்து காட்டும் கணினிக் கருவி. அதைப் புள்ளியியல் மென்பொருள் என்று கூறுவர். இந்தக் கருவி பிறந்த கதையைவிட, அது சாதாரண மனிதர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிலைக்கு வந்த கதைதான் நமக்கு முக்கியமானது. ஏன் என்பதை உரையின் முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

முதலில் ஒரு கேள்வி. எண்களை ஏன் படமாக வரைய வேண்டும்? ஸ்டோரில் பால் நிறுத்து எழுதும் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு உரிய எண்களை வரிசையாக எழுதி வைத்தால் அது வெறும் எண் கூட்டம்தான். அதையே கட்டம் போட்ட தாளில் மாதத்துக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பாருங்கள். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் கோடு கீழே இறங்குவதும், புதுத் தளிர் முற்றியபின் மேலே ஏறுவதும் ஒரே பார்வையில் தெரியும். மழையால் வெட்டு நின்ற மாதமும் தெரியும். படிக்கத் தெரியாத பாட்டிகூட அந்தப் படத்தைப் புரிந்துகொள்வார் அல்லவா?

இந்த எளிய வித்தையை உலகுக்குத் தந்தவர் ஸ்காட்லாந்து நாட்டவரான வில்லியம் பிளேஃபேர். 1759-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவருடைய அண்ணன் ஜான் கணித அறிஞர். நாள்தோறும் வெப்பநிலையைக் குறித்து வைக்கும்படி தம்பியைப் பழக்கினார் அந்த அண்ணன். பின்னாளில் பிளேஃபேர், நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகப் பணியாற்றினார். 1786-இல் அவர் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் வணிகம் ஆண்டுதோறும் ஏறி இறங்கியதைக் கோடுகளால் வரைந்து காட்டினார். ஸ்காட்லாந்தின் வணிகத்துக்கு ஓர் ஆண்டுக் கணக்கு மட்டுமே அவரிடம் இருந்தது. ஒரே ஆண்டைக் கொண்டு கோடு வரைய முடியாது. ஆகவே நாடுவாரியாகப் பட்டைகளாக வரைந்தார். பட்டை வரைபடம் அப்படித்தான் புகழ்பெற்றது. வட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தை 1801-இல் வெளியிட்டார். இன்று பள்ளிப் பிள்ளைகள் வரையும் மூன்று வகைப் படங்களும் அவர் வழியாக வந்தவையே.

எண்களைப் படமாக்குவது அழகுக்காக மட்டும் அன்று. 1854-இல் கிரிமியப் போரின்போது, காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்யச் சென்றார் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். குண்டடியால் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிகுதி என்பதை அவர் கணக்கெடுத்து அறிந்தார். நாடு திரும்பிய பின், 1858-இல், மாதவாரியான இறப்புகளை வண்ணம் தீட்டிய வட்டப் படங்களாக வெளியிட்டார். பக்கம் பக்கமாக அட்டவணைகளைப் படிக்கப் பொறுமை இல்லாத அதிகாரிகளும் அந்தப் படத்தைப் பார்த்தனர். சுகாதாரச் சீர்திருத்தத்துக்கு அது வலுவான துணையாக நின்றது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சலால் மக்கள் மடிவதைக் கண்டார். சதுப்பு நிலங்களுக்கு வடிகால் வெட்டச் செய்தார். காய்ச்சல் கண்டவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர் என்று கணக்கு வைத்தார். வடிகால் வெட்டிய பின் நோயும் சாவும் வெகுவாகக் குறைந்ததை அந்தக் கணக்கு எடுத்துக் காட்டியது. பின்னர் அவர் ரப்பர் தோட்டங்களிலும் இதே பணியைச் செய்தார். நம் முன்னோர் பலர் உயிர் பிழைத்ததற்கு வடிகாலோடு அந்தக் கணக்கேடும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கணக்குகளையெல்லாம் எடுத்தவர்கள் மருத்துவர்கள், அதிகாரிகள், படித்தவர்கள். செக்ரோலில் நம் பெயர் இருந்தது. அதை எழுதும் பேனா நம் கையில் இல்லை. எண்களை ஆராயும் கருவி யாரிடம் இருக்கிறதோ, அவருடைய சொல்லே சபை ஏறும். ஆகவே அந்தக் கருவி எப்போது, எப்படி எல்லார் கைக்கும் வந்தது என்று பார்ப்பது அவசியம்.

கணினிக் காலத்துக்கு வருவோம். 1968-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நார்மன் நை, டேல் பென்ட், ஹட்லாய் ஹல் ஆகிய மூன்று இளைஞர்கள் எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் புள்ளியியல் மென்பொருளை உருவாக்கினர். சமூகவியல் படிப்பவர்கள் மக்களிடம் எடுத்த கணக்கை ஆராய அது உதவியது. ஆனால் அந்நாளில் கணினி என்பது ஓர் அறையையே நிரப்பும் இயந்திரம். கட்டளைகளை அட்டைகளில் துளையிட்டு, அட்டைக் கட்டைக் கணினி அறையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரே ஓர் அட்டை தவறினாலும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே 1972-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மினிடாப் என்னும் மென்பொருள் செய்யப்பட்டது.

அதே காலத்தில் ஜான் டூக்கி என்னும் அமெரிக்க அறிஞர், கணக்கைச் சூத்திரத்தில் போடுவதற்கு முன் படமாக வரைந்து கண்ணால் பாருங்கள் என்று வலியுறுத்தி வந்தார். அவரும் நண்பர்களும் 1972-இல், கணினித் திரையில் புள்ளிக் கூட்டத்தைச் சுழற்றிப் பார்க்கும் மென்பொருள் ஒன்றைச் செய்து காட்டினர். ஆனால் அதற்குத் தேவைப்பட்டதோ ஆய்வுக்கூடத்தில் இருந்த மாபெரும் கணினி. கருவி இருந்தது, சாதாரண மனிதருக்கு எட்டவில்லை.

மாறுதல் மெல்ல வந்தது. 1979-இல் விசிகால்க் என்னும் கணக்குத்தாள் மென்பொருள் மேசைக் கணினிக்கு வந்தது. 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியில், கட்டளைகளை மனப்பாடம் செய்யாமல், திரையில் உள்ள பட்டியலை மௌஸால் சுட்டித் தேர்ந்தெடுக்க முடிந்தது. பட்டியலில் இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, கடையில் அடுக்கி வைத்த பொருளைக் கைகாட்டி வாங்குவது போன்றது. கட்டளை எழுதுவதோ, பொருளின் பெயரைப் பிழையில்லாமல் சொன்னால்தான் கொடுப்பேன் என்று சொல்லும் கடைக்காரரிடம் வாங்குவது போன்றது.

இனி நம் கதையின் முக்கியப் பகுதிக்கு வருகிறோம். நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இரு ஆசிரியர்கள் இருந்தனர். இஹாக்கா மாவோரி வம்சாவளியினர். மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்க ஏற்ற மென்பொருள் தங்கள் கணினிக்கூடத்தில் இல்லாததால், 1990களின் தொடக்கத்தில் தாங்களே ஒன்றைச் செய்தனர். அதற்கு ஆர் என்று பெயரிட்டனர். இருவர் பெயரின் முதல் ஒலியும் அதில் அடங்கியிருந்தது. 1995-இல் அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்னும் உரிமத்தோடு வெளியிட்டனர். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-இல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. பெரும் பணம் கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள்கள் செய்யும் வேலையை, விலையே இல்லாத ஒன்று செய்யத் தொடங்கியது.

ஆயினும் ஒரு தடை இருந்தது. ஆர் மென்பொருளைத் திறந்தால் ஏறக்குறைய வெறுமையான ஒரு சன்னல்தான் தோன்றும். அதில் ஓர் அம்புக்குறி நிற்கும். என்ன எழுத வேண்டும் என்று அது சொல்லாது. கட்டளை தெரிந்தவருக்கு அது பொக்கிஷம். தெரியாதவருக்குப் பூட்டிய கதவு.

இந்தக் கதவைத் திறந்து வைக்க முயன்றவர்களில் ஒருவர் ஜான் ஃபாக்ஸ். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். அவர் ஆர் கமாண்டர் என்னும் துணை மென்பொருளை எழுதி, 2005-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். முதன்முறை புள்ளியியல் படிக்கும் மாணவர், கட்டளையின் காற்புள்ளியோடு மல்லாடாமல், பாடத்தின் கருத்தில் மனத்தைச் செலுத்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதில் கணக்கு, வரைபடம் என்று பட்டியல்கள் இருக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் படம் வரும். அந்த நேரத்தில் செய்ய இயலாத வேலைகள் பட்டியலில் மங்கலாகத் தெரியும். அவற்றைச் சொடுக்க முடியாது. இன்னொரு சிறப்பும் உண்டு. நாம் பட்டியலில் தேர்ந்தெடுத்ததற்கு உரிய கட்டளையை அது எழுதியும் காட்டும். பார்த்துப் பார்த்து மாணவர் கட்டளையையும் கற்றுக்கொள்ளலாம். எளிதாக்கியதோடு நில்லாமல், மேலே ஏறப் படியும் அமைத்துக் கொடுத்தார் அந்த ஆசிரியர்.

ஆனால் அந்தப் பட்டியலைக் காண்பதற்கு முன்பே பலர் தடுக்கி விழுந்தனர். அதுதான் நிறுவுதல் என்னும் வேலை. நிறுவுதல் என்றால் மென்பொருளைக் கணினியில் ஏற்றி, ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது. ஒரு தையல் இயந்திரம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பகுதி ஒரு பெட்டியில், சக்கரம் இன்னொரு பெட்டியில், வார் வேறொரு கடையில் என்றால், தைக்கத் தெரியாதவர் அதைப் பூட்டி முடிப்பாரா? ஆர் கமாண்டரின் நிலையும் அதுவே. முதலில் ஆர் மென்பொருளை ஏற்ற வேண்டும். பிறகு கமாண்டரை ஏற்ற வேண்டும். அது வேலை செய்ய இன்னும் பல பொதிகள் வேண்டும். விண்டோஸ் கணினியில், ஆர் மென்பொருளை ஏற்றும்போதே சன்னல்கள் தனித்தனியாகத் திறக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது; அது தானாக வருவதில்லை. மெக்கின்டாஷ் கணினியில் எக்ஸ்குவார்ட்ஸ் என்னும் மற்றொரு மென்பொருளையும் ஏற்ற வேண்டியிருந்தது. அறிந்தவருக்கு இது அரை மணி நேர வேலை. புதியவருக்கோ, நமக்கு இது எட்டாது என்று எழுந்து போகும் இடம்.

ஃபாக்ஸ் இதையும் எண்ணிப் பார்த்தார். கமாண்டர் தொடங்கும்போது எந்தெந்தப் பொதிகள் இல்லை என்று அதுவே கண்டறியும். அவற்றைக் கொண்டுவரட்டுமா என்று கேட்கும். ஆம் என்றால் இணையக் களஞ்சியத்திலிருந்து தானே எடுத்து ஏற்றிக்கொள்ளும். இணைய வசதி இல்லாதவர்கள், பொதிகளைக் கணினியின் ஓர் உறையில் வைத்திருந்தால், அங்கிருந்தும் ஏற்றலாம். ஒவ்வொரு வகைக் கணினிக்கும் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியான குறிப்பும் எழுதி வைத்தார். பிரெஞ்சு, ஸ்பானியம், ஜப்பானியம் போன்ற மொழிகளில் அதன் பட்டியல்களை ஆர்வலர்கள் பெயர்த்தனர். கேட்பதற்கு இவையெல்லாம் சிறு வேலைகள். ஆனால் பல்கலைக்கழக வாசலோடு நின்றுவிடக்கூடிய ஒரு கருவியைச் சாதாரணப் பள்ளிக்கூடம் வரை கொண்டுசெல்லக் கூடியவை இத்தகைய சிறு வேலைகளே.

அடுத்து வந்தவர்கள் இன்னும் எளிதாக்கினர். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஜாஸ்ப் என்னும் மென்பொருள் உருவாயிற்று. அதில் பணியாற்றிய சிலர் பின்னர் ஜமோவி என்னும் மென்பொருளைத் தொடங்கினர். இவை இரண்டும் இலவசம். ஆர் மென்பொருள் இவற்றுக்கு உள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆகவே ஒரே கோப்பை இறக்கி ஏற்றினால் போதும். தையல் இயந்திரம் முழுதாகப் பூட்டப்பட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறது. எண்களை மாற்றினால் படமும் உடனே மாறுகிறது.

நேயர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பூட்டிய இயந்திரம் வந்துவிட்டது என்பதற்காகச் சட்டை தானாகத் தைத்துக்கொள்ளாது. தவறான எண்ணைக் கொடுத்தால் கணினி தவறான படத்தையே அழகாக வரைந்து தரும். பட்டை வரைபடத்தைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்கினால், சிறிய வேறுபாடும் மலைபோலத் தெரியும். எதை எண்ணினோம், யாரை எண்ணாமல் விட்டோம் என்று கேட்கும் பழக்கத்தை எந்த மென்பொருளும் தராது. அதைப் பள்ளியும் பெற்றோரும்தான் தர வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு மாதம் நாள்தோறும் மழை பெய்ததா இல்லையா என்று எழுதட்டும். வீட்டுச் செலவைக் குறிக்கட்டும். குடிநீர் வராத நாள்களை எண்ணட்டும். முதலில் கட்டம் போட்ட தாளில் கையால் வரையட்டும். பிறகு பள்ளியிலோ நூலகத்திலோ உள்ள கணினியில் அதையே வரைந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முப்பது நாள் எண்ணிய கணக்கோடு, குடிநீர் இத்தனை நாள் வரவில்லை என்று ஒரு படத்தைக் காட்டிப் பேசுபவரின் குறையை யாரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

பிளேஃபேருக்கு வெப்பநிலையைக் குறிக்கக் கற்றுக்கொடுக்க ஓர் அண்ணன் இருந்தார். கருவி இன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிறுவும் வேலையும் எளிதாகிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த அண்ணனாகவும் அக்காளாகவும் இருந்து, எண்ணவும் குறிக்கவும் பழக்குவது நம் பொறுப்பு.