காயலுக்கு வந்த குதிரைகளும் வளவில் நின்ற கோழிகளும்

நம் ஊரின் பழம்பெருமையைப் பேசத் தொடங்குவோர் எவரும் குதிரையை விட்டுவிடுவதில்லை. மீலாது மேடையிலும், நினைவு மலர்களின் முதற் கட்டுரையிலும் அரபுக் குதிரைகள் கடல் கடந்து காயல் துறையில் வந்திறங்கும் காட்சி தவறாமல் இடம்பெறும். வந்த குதிரைகள் எத்தனை, விலை என்ன, எந்தப் பாண்டியன் வாங்கினான் என்பனவெல்லாம் சொல்லப்படும். இறங்கிய பிறகு அந்தக் குதிரைகள் என்ன ஆயின என்பதை மட்டும் நாம் பேசுவதில்லை. பெருமைக்குச் சான்றாக நாம் எடுத்துக்காட்டும் அதே ஏடுகளில்தான் அதுவும் எழுதப்பட்டிருக்கிறது.

ஏடுகள் முதன்மையாக இரண்டு. ஒன்று, சீனத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில் 1292 வாக்கில் இக்கரையைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவின் பயண நூல். மற்றொன்று, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் வஸ்ஸாஃப் எழுதிய வரலாறு. ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்தும் அரபகம் முழுவதிலிருந்தும் வரும் கப்பல்கள் குதிரைகளோடு காயலில்தான் தங்கின என்கிறார் மார்க்கோ போலோ. அவர் கண்ட காயல் இன்றைய பழையகாயலே என்று, 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்றில் கால்டுவெல் முடிவு கட்டினார். அம்முடிவை ஏற்காதவர்களும் உண்டு. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டும் வண்டலால் கொற்கையைக் கடல் விட்டுச் சென்றது. பழையகாயலும் பின்னர் உள்நாட்டு ஊராயிற்று. புன்னைக்காயலும் காயல்பட்டினமும் அதே கழிமுகத்தின் பிள்ளைகள். ஆகவே இந்தக் கணக்கில் நமக்குப் பங்கில்லை என்று எவரும் ஒதுங்கிவிட முடியாது.

வஸ்ஸாஃப் தரும் எண்கள் வியப்பூட்டுபவை. கீஷ் தீவின் அதிபர் மலிக் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவதென ஒப்பந்தம் இருந்தது. அதற்கு முன்னர், அதாபக் அபூபக்ர் பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதியை ஆண்ட காலத்தில், கதீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத் முதலிய துறைகளிலிருந்து மஅபருக்கு, அதாவது நம் கரைக்கு, ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன. குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார். மொத்தம் 22 இலட்சம் தீனார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் அமைச்சராக இருந்தார்; காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவருடைய பொறுப்பில் இருந்தன. வணிகம் எவர் கையிலிருந்தது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆண்டுக்கு ஆண்டு இத்தனை குதிரைகள் எதற்காகத் தேவைப்பட்டன? போருக்காக என்பது பாதி விடைதான். அரசன் தனக்கென ஈராயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான், அவனுடைய உடன்பிறந்த அரசர்கள் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர், ஆண்டு முடிவில் நூறு கூட எஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். குதிரையைப் பேணத் தெரியாமையே காரணம் என்கிறார். சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்களாம். புல் தின்னப் படைக்கப்பட்ட விலங்கு அது. இங்கே ஈன்ற குட்டிகளும் கால் கோணி, சவாரிக்கு உதவாதவையாயிருந்தன என்கிறார்.

வஸ்ஸாஃபின் செய்தியும் இதையொட்டியே செல்கிறது. பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த தானியத்தை நெய் சேர்த்து ஊட்டினர். காய்ச்சிய பசும்பால் புகட்டினர். கொழுக்க வேண்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப்போட்டனர். பிறகு பழக்காமல், அங்கவடி முதலிய சேணக் கருவிகளுமின்றி முரட்டுத்தனமாக ஏறி ஓட்டினர். மின்னலாய்ப் பாய்ந்த குதிரை சில நாளில் சோர்ந்து உதவாக்கரையாயிற்று. ஆகவே மறு ஆண்டும் புதுக் குதிரை தேவைப்பட்டது. இதில் கொடுமை செய்யும் எண்ணம் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெய்யும் பாலும் ஊட்டியவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அன்பிருந்தது; அறிவில்லை. சுமை அதிகமானால் ஒட்டகம் முனகிக் காட்டும். நெய்ச்சோறு தின்று வயிறு நோகும் குதிரை தன் நோயை யாரிடம் சொல்லும்?

வாங்கியவர் பக்கம் இவ்வாறிருக்க, விற்றவர் பக்கத்தைப் பற்றி மார்க்கோ போலோ சொல்வது நம்மைச் சுடுகிறது. குதிரை வைத்தியமும் இலாடம் கட்டுதலும் அறிந்தவர்களை வணிகர்கள் உடன் அழைத்து வருவதில்லை. தாமாக வர முனைந்தவர்களையும் தடுத்தனர். குதிரைகள் பிழைத்திருந்தால் விற்பனை குறைந்துவிடும் என்பதே காரணம் என்கிறார். இது ஒரு வெளிநாட்டுப் பயணியின் குற்றச்சாட்டு. துறைமுகக் கடைத்தெருவில் கேட்ட வம்பாகவும் இருக்கலாம். ஆயினும் அதை எளிதில் தள்ளிவிடவும் முடியவில்லை. ஏனெனில் வஸ்ஸாஃப் குறிப்பிடும் ஒப்பந்தத்திலேயே ஒரு விதி இருக்கிறது: வழியில் கடலில் இறந்துபோகும் குதிரைக்கும் விலை உண்டு. விற்ற பொருள் வாங்குபவர் கைக்கு வந்து சேருமுன் அழிந்தால் நஷ்டம் விற்றவரையே சாரும் என்று நாம் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் சட்டத்தோடு இந்த விதி எளிதில் பொருந்துவதில்லை. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. இறந்தாலும் காசு என்றான பின், கப்பலின் அடித்தட்டில் நிற்கும் குதிரைக்கு நள்ளிரவில் எழுந்து தண்ணீர் காட்டப்போகிறவர் யார்?

அறிவு இல்லாத காலமாக இருந்தால் மன்னிக்கலாம். அறிவு இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அப்பாசியக் கலீஃபா முஃதளிதின் காலத்தில் இப்னு அகீ ஹிஸாம் குதிரை வைத்தியத்தைப் பற்றி விரிவான நூலை எழுதிவிட்டார். காயலில் குதிரைகள் மடிந்துகொண்டிருந்த காலத்தையொட்டியே கெய்ரோவில் சுல்தான் நாஸிர் முஹம்மதின் இலாயத்தில் அபூபக்ர் அல்பைத்தார் என்னும் மருத்துவர் பணியாற்றினார். பிற்காலத்தார் பெரிதும் எடுத்தாண்ட அவருடைய நூல் சுல்தானின் பெயரால் ‘அந்நாஸிரீ’ என்று அழைக்கப்பட்டது. பைத்தார் என்றாலே விலங்கு மருத்துவர் என்பது பொருள். குதிரையை ஏற்றிய கப்பலில் பைத்தாரை ஏற்ற இடமில்லாமலா போயிற்று?

மார்க்க நூல்களின் கணக்கும் அவ்வாறே. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வஃபாத்தான ஆண்டு 1277. நம் ஊரார் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பாடநூலான அவர்களது ‘மின்ஹாஜ்’ நூலில், செலவினங்கள் பற்றிய பாடத்தின் கடைசிப் பகுதி விலங்குகளைப் பற்றியது. தன்னிடமுள்ள விலங்குக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உடையவர்மீது கடமை. அவர் மறுத்தால், உண்ணத்தக்க விலங்கானால் விற்கவோ தீனியிடவோ அறுக்கவோ அவர் கட்டாயப்படுத்தப்படுவார். உண்ணத்தகாததானால் விற்கவோ தீனியிடவோ வேண்டும். குட்டிக்குக் கேடு வரும் அளவுக்குத் தாயிடம் பால் கறக்கக் கூடாது. அவர்களுக்குச் சற்று முற்பட்டவரும் 1262இல் கெய்ரோவில் வஃபாத்தானவருமான இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் விலங்குகளின் உரிமைகளை வரிசையாகவே எழுதினார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன விலங்குக்கும் செலவிட வேண்டும், தாங்காத சுமையை ஏற்றக் கூடாது, ஒன்றையொன்று முட்டிக் காயப்படுத்தும் விலங்குகளை ஒரே இடத்தில் அடைக்கக் கூடாது, குட்டியை அதன் தாய் காண அறுக்கக் கூடாது என்பன அவற்றுட் சில. பண்ணை வைத்திருப்பவர்கள் இன்றும் சுவரில் எழுதி மாட்டலாம்.

ரஜப் மாதத்தில் புகாரி ஷரீஃப் மஜ்லிஸில் அமரும் ஒவ்வொருவரும் பூனையை அடைத்துவைத்துச் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸைக் கேட்டிருப்பர். அந்தப் பெண் பூனையை அடிக்கவில்லை என்பதை நாம் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வதுண்டு. தீனியும் கொடுக்கவில்லை, தானே தேடித் தின்னவும் விடவில்லை, குற்றம் அவ்வளவே. கட்டிவைத்தவரே பொறுப்பாளி என்னும் இந்தச் சட்டம் குதிரைக்கும் உண்டு, கோழிக்கும் உண்டு.

இனிக் கோழிக்கு வருவோம். குதிரைகள் காயலில் ஓர் இனத்தையும் விட்டுச்செல்லவில்லை. பத்தாயிரம் பத்தாயிரமாய் வந்தும் இன்று இந்த வட்டாரத்திற்கென ஒரு குதிரை வகை கிடையாது. ஆனால் எவரும் ஒப்பந்தம் எழுதாத, எந்தப் பயணியும் விலை குறிக்காத சிற்றுயிர்கள் நின்று நிலைத்தன. பெருவிடை, சிறுவிடைக் கோழிகள் நின்றன. நெடுநெடுவென்று வளரும் கன்னி ஆடும், வெள்ளையில் கருமையோ செம்மையோ தெளித்த கொடி ஆடும் இன்று தேசியப் பதிவேட்டில் இடம்பெற்ற இனங்கள். இரண்டும் நம் தூத்துக்குடி மாவட்டக் கரிசல் பகுதியின் சொத்து. வேம்பூர் என்னும் கிராமத்தின் பெயரையே தாங்கி நிற்கும் செம்மறியும் உண்டு. பொட்டு ஆடு என்றால் பலருக்கும் தெரியும். வரலாறு எழுதுவோர் இவற்றை வரலாறாகக் கருதாதது அவர்களுடைய குறை.

இவை நிலைத்ததற்குக் காரணம் அன்றாடப் பராமரிப்பு. அதைச் செய்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். நம் ஊரில் வீடு பெண்மக்களுக்கு உரியது. முடுக்கு வழியே வளவுக்கு வளவு போய்வருவதும் அவர்களே. அடைக்கோழியைத் தேர்ந்தெடுத்து, கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்து, ஏழெட்டு நாள் கழித்து விளக்கொளியில் பிடித்துக் கூமுட்டையை நீக்கி, இருபத்தொரு நாள் காத்து, பருந்துக்கும் கீரிக்கும் அஞ்சிப் பஞ்சாரம் கவிழ்த்து வளர்த்த உம்மும்மாக்கள் பைத்தாரின் நூலைப் படித்தவர்கள் அல்லர். எந்தக் கோழி தீனியெடுக்கவில்லை, எது சிறகு தொங்கி நிற்கிறது என்பதை அஸருக்குப் பின் கூண்டு மூடும்போதே கண்டுகொள்வார்கள். இரண்டாயிரம் குதிரை வாங்கிய அரசனின் இலாயத்தில் இப்படிப் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாமற் போனார்.

இப்போது நம் இளைஞர்களிடையே இந்த ஆர்வம் மீண்டும் வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களும் கடை நடத்துபவர்களும் ஆறுமுகநேரி, ஆத்தூர்ப் பக்கம் சிறு தோட்டம் வாங்கி, வேலியடைத்து, நாட்டுக்கோழி, கின்னிக்கோழி, வான்கோழி, கன்னி ஆடு என்று வளர்க்கிறார்கள். பிள்ளைகள் விடுமுறையில் முட்டை பொறுக்குகிறார்கள். நல்ல செய்தி. மதீனாவில் தாம் வளர்த்த சிறு பறவை இறந்துவிட்டதால் வாடியிருந்த அபூ உமைர் என்னும் சிறுவரிடம் அதைப் பற்றியே பேசி அவர் மனத்தைத் தேற்றிய நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தின் பிள்ளைகளுக்கு இது பொருத்தமான பொழுதுபோக்குத்தான்.

ஆனால் பழைய வாடை ஒன்றும் உடன் வீசுகிறது. கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களைப் பல்லாயிரம் கொடுத்து வாங்குகிறார்கள். ‘அசில்’ என்று பெருமையாய்ச் சொல்கிறார்கள். உயர்ந்த பிறப்புடையது என்னும் பொருள் தரும் அரபுச் சொல் அது. கலப்பில்லாத அரபுக் குதிரையையும் அரபிகள் அதே சொல்லால்தான் அழைப்பர். வாங்கிய மூன்றாம் மாதம் வெள்ளைக் கழிச்சல் வருகிறது. கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிறது. பிறகு வேறோரிடத்தில் மறுபடியும் வாங்குகிறார்கள். விற்பவர் தடுப்பு மருந்தைப் பற்றி வாய் திறப்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. எழுநூறு ஆண்டுக்கு முந்திய பாண்டியன் சந்தை இதைவிட வேறாக இருந்திருக்குமா?

சேவலை மோதவிடுவதற்கென்றே வளர்ப்போரும் உளர். விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுவதற்குத் தடை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கழிவைத் தின்று இறைச்சியில் வாடையேறிய கோழியை உண்பது மக்ரூஹ் என்பதே இமாம் நவவீ அவர்களின் முடிவு. அதை அடைத்துவைத்துச் சுத்தமான தீனி கொடுத்தபின் உண்ணலாம். இப்னு உமர் (ரலி) அவர்கள் கோழியை மூன்று நாள் அடைத்துவைத்ததாக அறிவிப்பு உண்டு.

கழிச்சல் நோய் பழங்காலத்துக் கொள்ளைநோய் போலத் தோன்றினாலும் அறிவியல் ஏட்டில் அதன் வயது நூறுதான். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இனங்காணப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இமயமலையடி ஊரான ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டு இந்தியாவில் அப்பெயரையே பெற்றது. வந்தபின் மருந்தில்லை, வராமற் காக்க மருந்துண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா. ஏறத்தாழ எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை கட்டணமின்றி முகாம்களும் நடத்துகிறது. 2012 முதல் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. இரண்டு மணி நேரத்திற்குள் போய்விடலாம். இன்று பைத்தாரைத் தடுப்பார் எவருமில்லை.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. அந்த மருந்து பெரும்பாலும் நூறு கோழிகளுக்கான குப்பியாக வருகிறது. பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும்; கரைத்தபின் ஓரிரு மணி நேரத்திற்குள் போட்டு முடிக்க வேண்டும். வீட்டில் பத்துக் கோழி வைத்திருப்பவர் இதனாலேயே தயங்குகிறார். ஒரு தெருவில் பத்து வீட்டார் ஒரே நாளைக் குறித்துக்கொண்டு, சுப்ஹுக்குப் பின் கூண்டைத் திறக்குமுன் வீடு வீடாகப் போட்டுவந்தால் ஒரு குப்பி சரியாக முடிந்துவிடும். முடுக்கு வழியே நடந்தால் பத்து வீட்டுக்கும் அரை மணி நேரம்கூட ஆகாது.